பிணங்களின் குடும்பத்தாருக்கு மட்டும்

‘எழுந்த ஊர்’ படத்தில் பிணங்களாக நடந்தவர்கள் எல்லோரும் புதுவலசுக்காரர்கள். கதாநாயகனும் நாயகியும் சென்னையிலிருந்து வந்தார்கள். கேமரா வந்தது. விளக்குகள் வந்தன. ஜெனரேட்டர் வண்டி வந்தது. பிணங்களை மட்டும் ஊரிலேயே எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது வசந்தாமணிக்கு ஒன்பது வயது. வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து பார்த்தாள். வயலுக்கு வந்தவர்கள், தறிக்காரர்கள், சொசைட்டியில் பால் ஊற்ற வந்தவர்கள் என்று எல்லோரையும் நிறுத்தி முகத்தில் அரிசி மாவும் அடுப்புக்கரியும் பூசினார்கள். உதவி இயக்குநர் ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்.

“நீங்க எல்லாரும் செத்துட்டீங்க. செத்து எழுந்திரிச்சிட்டீங்க. உங்களுக்கு எதுவும் ஞாபகம் இல்ல. பேர் இல்ல, ஊர் இல்ல, பெத்தவங்க இல்ல, பிள்ளைங்க இல்ல. பசி மட்டும்தான் இருக்கு. புரியுதா?”

“புரியுதுங்க” என்றார்கள்.

“செத்தவங்க பதில் சொல்லக் கூடாது.”

“சரிங்க.”

ஐம்பத்தொரு வருடம் கழித்து அந்தப் படத்தை மறுபடி எடுத்திருந்தார்கள். வெளியிடும் முன்பு பக்கத்து டவுனான கோபியில் ஒரு காலைக் காட்சி. அழைப்பில் ‘பிணங்களின் குடும்பத்தாருக்கு மட்டும்’ என்று இருந்தது. ஜாம்பி என்ற சொல் இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் புதுவலசில் அந்தப் படத்துக்குப் பொணப்படம் என்றுதான் பெயர்.

வசந்தாமணி முன்கூட்டியே வந்து ஓர இருக்கையில் உட்கார்ந்தாள். உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உட்கார்ந்தாலும் முதுகு வளையாது.

“ஏனுங் டீச்சர், எனக்கு எடம் புடிச்சு வெச்சிருக்கீங்களா?”

குணசேகரன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. புதுவலசின் நஞ்சையில் பெரும்பகுதி அவன் வீட்டுடையது. அவள் அப்பா ரங்கன் அந்த நஞ்சையில் வேலை செய்தவர். குணசேகரனின் மகனுக்கும் பிறகு பேத்திக்கும் அணிவகுப்பு சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அதிலிருந்து அவன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறான். கிண்டலும் மரியாதையும் பாதிப் பாதி.

“உக்காரு குணா. பேத்தி வரலையா?”

“அவளுக்குப் பேய்ப் படம்னா ஆகாது. ‘இது பேயில்ல கண்ணு, உங்க கொள்ளுத்தாத்தன்’னு சொன்னேன். அதுக்கு இன்னும் பயந்துக்கிட்டா.” சிரித்தான். “உங்கப்பனும் எங்கப்பனும் மறுக்கா ஒண்ணா நடக்கப் போறாங்க டீச்சர். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல.”

அவளுக்கும் தூக்கமில்லை. ஆனால் காரணம் வேறு.

பழைய படத்தில் ஒரு கட்டம் உண்டு. கதாநாயகன் ஒளிந்திருக்கும் பங்களாவுக்குள் பிணங்கள் புகுகின்றன. இரும்பு கேட்டின் ஒரு பக்கம் துருப்பிடித்து இறுகிவிட்டது. மறுபக்கம் ஒருவர் நுழையத்தான் இடம். அந்த இடத்துக்கு ரங்கனும், குணசேகரனின் அப்பா சென்னியப்பனும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ரங்கன் கூலியாள். சென்னியப்பன் பண்ணாடி, நிலத்துக்குச் சொந்தக்காரர். பாதையில் பண்ணாடி எதிரே வந்தால் தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். ரங்கன் ஒதுங்கினார். முகத்தில் மாவு, வாயோரம் பீட்ரூட் ரத்தம், கண்கள் செருகியபடி. துண்டு கக்கத்துக்குப் போனது. கழுத்து குனிந்தது. பண்ணாடிப் பிணம் உள்ளே போனது. பிறகு ரங்கன் மறுபடி பிணமாகி, கையை நீட்டிக்கொண்டு பின்னால் போனார்.

எல்லாம் மறந்துபோன பிணம் அதை மட்டும் மறக்கவில்லை. எடிட்டர் வெட்டாமல் விட்டுவிட்டார்.

கோபியில் படம் வந்தபோது அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு தரை டிக்கெட்டில் உட்கார்ந்தார். அந்த இடம் வந்ததும் கொட்டகை அதிர்ந்தது. விசில். யாரோ வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். அப்பா அவளை முழங்கையால் இடித்தார்.

“பாத்தயா கண்ணு, விசிலு எனக்குத்தான். ஹீரோவுக்குக்கூட இல்ல.”

அவளும் விசிலடிக்கப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. அந்த நாளை அவள் வருடக்கணக்கில் சந்தோஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில் அப்பாவுக்கு வெளியே நின்றுதான் டீ. ஆனாலும் “துண்டுப்பேய் வந்துட்டாரப்பா, ஒரு டீ போடு” என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்.

பதினொன்றாம் வகுப்பில் ஒருத்தி தாவணித் தலைப்பைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக் காட்டினாள். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து வசந்தாமணிக்கு அந்த விசில் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. டிவியில் படம் போட்டால் அப்பா தனியாகப் பார்த்துச் சிரித்தார். அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் துண்டுக் காட்சி மட்டும் போனிலிருந்து போனுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ‘செத்தாலும் மரியாதை’ என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தப் படத்திலும் அப்பா ஒதுங்குவாரா? அவள் பார்க்க வந்தது அதை மட்டும்தான்.

மெர்லின் திரைக்கு முன்னால் வந்து நின்றாள். படத்தின் பிணக் கூட்டத்தைக் கணினியில் உருவாக்கியவள். முப்பது வயது இருக்கும். சம்மதம் கேட்டு எல்லோரையும் போனில் அழைத்தவள் அவள்தான்.

“எல்லாருக்கும் வணக்கம். படத்துக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். இதுல வர்ற உங்க ஆளுங்களை நாங்க வரையல. யாரையும் அவங்க மாதிரி நடிக்க வைக்கவும் இல்ல.”

“அப்பறம் எப்படி அம்மணி நடக்கறாங்க?” பின் வரிசையில் ஒருவர் கேட்டார்.

“பழைய படத்துல அவங்க நடந்ததை மெஷின் பார்த்துச்சு. கால் எப்படி வைக்கிறாங்க, யாராவது இடிச்சா எப்படித் திரும்பறாங்க, சத்தம் கேட்டா என்ன பண்றாங்க, எல்லாம். அதை வெச்சு அந்த உடம்பு எதுக்கு எப்படி நடந்துக்கும்னு கத்துக்குச்சு. இப்ப ஒரு புது ஊர்ல அவங்களைக் கொண்டுபோய் விட்டிருக்கோம். அவ்வளவுதான். எங்க போகணும்னு நாங்க சொல்ல மாட்டோம். கேமராவும் தானா அவங்க பின்னாடி போகும். ஒவ்வொரு காட்சியும் வேற வேற மாதிரி இருக்கும்.”

“அப்ப இன்னிக்கு எங்க மாமன் என்ன செய்வாருன்னு உனக்கே தெரியாது?”

“தெரியாது சார்.”

“உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான்” என்றார் அவர். அரங்கம் சிரித்தது. விளக்கு அணைந்தது.

முதலில் கதாநாயகன், நாயகி, கார், மழை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. வாய்க்கால் கரையில் முதல் கை மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தபோது எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

“அதா, எங்கம்மா!”

“எங்க?”

“அந்தப் பச்சைச் சீலை. அய்யோ, அந்தச் சீலை நா எடுத்துக் குடுத்ததுங்க!”

“மிலிட்டரிக்காரரப் பாரு. செத்தும் லெப்ட் ரைட் போடறாரு.”

பிணங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. சதை தொங்கியது, தாடை விலகியது, ஒலிபெருக்கிகள் உறுமின. ஒவ்வொரு முகத்துக்கும் அரங்கில் ஒரு பெயர் கிடைத்தது. யாரோ எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஒருத்தி திரையைப் பார்த்துக் கையாட்டினாள். இரண்டு பிணங்கள் காவலாளியைக் கிழித்துத் தின்றபோது ஒருவர் உரக்கச் சொன்னார். “எங்க மாமனுக்குக் கறியே ஆகாது. எப்படிச் சாப்படறாரு பாருங்க!”

ஓரத்தில் நின்ற மெர்லின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். வசந்தாமணியின் காதருகே குனிந்தாள். “சென்னையில டெஸ்ட் ஷோ போட்டப்ப இதே இடத்துல ரெண்டு பேர் வெளிய ஓடிட்டாங்க மேடம். இங்க கல்யாண வீடு மாதிரி இருக்கு.”

அப்பா வந்தார்.

பனைமரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. வசந்தாமணிக்கு மகனாக இருந்திருக்கலாம். மெலிந்த கால்கள். மாடு மிதித்த இடது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அவள் எத்தனையோ பிள்ளைகளின் நடையைத் திருத்தியவள். இந்த நடையில் திருத்த அவளுக்கு எதுவும் இல்லை. தோளில் துண்டு இருந்தது.

“வந்துட்டாரு பாரு நம்மாளு!” குணசேகரன் இடித்தான்.

கூட்டம் பங்களாவை நோக்கிப் போனது. அதே கேட். அதே ஒற்றை வழி. அப்பாவும் சென்னியப்பனும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.

அப்பா ஒதுங்கினார். துண்டு கக்கத்துக்குப் போனது. கழுத்து குனிந்தது.

விசில் கிளம்பியது. குணசேகரன் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தான். தரை டிக்கெட்டில் கேட்ட அதே விசில். வசந்தாமணி கையைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் காட்சி அங்கே முடியவில்லை.

சென்னியப்பன் உள்ளே போன பிறகும் அப்பா நகரவில்லை. பச்சைச் சேலை அம்மா வந்தாள். அவளுக்கும் வழிவிட்டார். சிரிப்பு வந்தது. மிலிட்டரிக்காரர் வந்தார். அவருக்கும் விட்டார். அடுத்தது அவரைப் போலவே ஒரு கூலியாள். அவரைவிட இளையவன். அவனுக்கும் கழுத்து குனிந்தது. ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். சிரிப்பு மெலிந்தது. யாரோ இன்னும் ஒரு முறை விசிலடித்துப் பாதியில் நிறுத்தினார்கள். கடைசியில் ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது.

எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். கேட்டுக்கு வெளியே அப்பா தனியாக நின்றார்.

பிறகு தலையை நிமிர்த்தினார். கக்கத்திலிருந்த துண்டை எடுத்து உதறினார். தலையில் சுற்றி உருமால் கட்டினார். திரும்பி, வாய்க்கால் மேட்டில் ஏறி நடந்தார்.

அது பிணத்தின் நடை இல்லை. கைகள் தாராளமாக வீசின. குதிகால் மண்ணில் அழுந்தியது. வெளிப்பக்கம் திரும்பிய பாதம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்ன எகிறல் கொடுத்தது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அந்த மேட்டில் அவர் அப்படித்தான் வருவார். வீட்டு வாசலில் நின்று அவள் தூரத்திலேயே கண்டுபிடிப்பாள். உருமாலின் முனையில் பொரி உருண்டை முடிந்திருக்கும். ஊரில் வேறு யாரும் அந்த நடையைப் பார்த்ததில்லை. பார்க்க ஆள் இருந்தால் அது வராது.

வசந்தாமணி முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். அவள் முதுகு வளைந்ததைக் குணசேகரன் முதன்முறையாகப் பார்த்தான்.

அப்பா சின்னதாகிப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் மறைந்தார். கேமரா இன்னும் கொஞ்ச நேரம் வெறும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே திரும்பியது. அலறல், ரத்தம், கதாநாயகன். மீதிப் படத்தில் அவர் எங்கேயும் வரவில்லை.

*

வெளிக்கூடத்தில் காபியும் முறுக்கும் கொடுத்தார்கள். குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக நின்று சத்தமாகப் பேசின. மெர்லின், வசந்தாமணியையும் குணசேகரனையும் ஓர மேசைக்குக் கூட்டிப் போனாள்.

“அந்தக் கடைசி நடை உங்களுக்கு எங்கிருந்து கிடைச்சுது?” வசந்தாமணி கேட்டாள்.

“பழைய பெட்டியில வெட்டாத சுருள்லாம் இருந்துச்சு மேடம். டைரக்டர் ‘கட்’ சொன்ன பிறகும் கேமரா கொஞ்சம் ஓடியிருக்கு. எல்லாரும் டீ குடிக்கப் போறாங்க. உங்கப்பா மட்டும் துண்டைத் தலையில கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் தனியா நடந்து போறார். கேமரா ஓடறது அவருக்குத் தெரியல. பத்து அடிகூட இருக்காது. அதை வெச்சு மெஷின் மீதியை நடந்துக்குது.”

“அந்தச் சுருள் இருக்கா?”

“ஸ்கேன் பண்றப்பவே பொடியாயிடுச்சு. இப்ப அது இருக்கிறது அவர் உடம்புக்குள்ள மட்டும்தான். அதாவது, நாங்க செஞ்ச உடம்புக்குள்ள.”

வசந்தாமணி தலையசைத்தாள்.

“நான் போன்ல சொன்னேனே, ஒண்ணு கேக்கணும்னு. இதுதான்.” மெர்லின் காபியைத் தள்ளி வைத்தாள். “அவர் ஒதுங்கினது பழைய படத்துல ஒரே ஒரு தடவை. யாருக்கு, எதுக்குன்னு மெஷினுக்குத் தெரியாது. கேட்ல ஆள் வந்தா ஒதுங்கணும்னு கத்துக்கிச்சு. அதனால எல்லாருக்கும் ஒதுங்கறார். ஒவ்வொரு காட்சியிலயும். நீங்களே பார்த்தீங்க, சிரிப்பு செத்துப் போகுது. அப்புறம் ஜனங்க அவர் எங்க போனார்னே யோசிக்கிறாங்க. உள்ள ஹீரோவைக் கடிக்கிறதை யாரும் பார்க்கல.”

“அதுக்கு?”

“அதைக் கொஞ்சம் சுருக்கணும். சென்னியப்பன் சாருக்கு மட்டும் ஒதுங்குவார். ஒரே தடவை. அப்புறம் அவரும் உள்ள போயிடுவார். பழைய படம் மாதிரியே. ஒரு உடம்போட குணத்தைத் தொடணும்னா வாரிசு சம்மதம் வேணும். வாயால சொன்னாப் போதும்.”

“ஒதுங்கறதையே மொத்தமா எடுத்துட்டா?”

மெர்லின் தயங்கினாள். “எடுக்கலாம். ஆனா அந்த ஒரு இடத்துக்காகத்தான் பாதிப் பேர் டிக்கெட் வாங்குவாங்க மேடம். மேல ஒத்துக்க மாட்டாங்க.”

“சரின்னு சொல்லிப்போடுங்க டீச்சர்” என்றான் குணசேகரன். முறுக்கை உடைத்து அவளிடம் பாதியை நீட்டினான். “அது நம்ம ஊருக்கே ஒரு பேரு. தமாசுதானே.”

“தமாசு.”

“வேறென்ன? உங்கப்பனே எப்படி ரசிப்பாரு! இதையெல்லாம் மனசுல வெச்சுக்கறதா?”

வசந்தாமணி முறுக்கை வாங்கிக்கொண்டாள்.

“அப்ப ஒண்ணு செய்யலாம் குணா. இந்த வாட்டி உங்கப்பா ஒதுங்கட்டும்.”

“ஆரு?”

“உங்கப்பா. ஒரே தடவை. எங்கப்பா உள்ள போகட்டும். துண்டெல்லாம் வேண்டாம். ஒரு அடி தள்ளி நின்னாப் போதும்.”

மெர்லின் நிமிர்ந்தாள். “அது நல்லாருக்கே. பழைய படம் பார்த்தவங்க இதை எதிர்பார்க்கவே மாட்டாங்க. சிரிப்பு இன்னும் ஜாஸ்தி வரும். சார் சம்மதிச்சா ஒரு மணி நேர வேலை.”

குணசேகரன் சிரித்தான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் காத்திருந்தார்கள். பக்கத்து மேசையில் அவன் பங்காளி ஒருவர் காபியோடு இந்தப் பக்கம் திரும்பினார். குணசேகரனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“எங்கப்பனையா?” குரலைத் தாழ்த்தினான். “அதெப்படிங்க. ஊரு சிரிக்காதா?”

“சிரிக்கறதுக்குத்தானே படம்.”

“வசந்தா.”

அவன் அவள் பெயரைச் சொல்லி வருடங்கள் ஆகியிருந்தன.

“அவரு அப்படி ஒதுங்குனவரு இல்ல வசந்தா. நடக்காததக் காட்டுனா தப்பில்லையா? செத்த மனுசன். எதிர்த்துக் கேக்கவா போறாரு.”

“இல்ல” என்றாள் அவள். “கேக்க மாட்டாரு.”

முறுக்கைத் தட்டில் வைத்தாள். மெர்லினைப் பார்த்தாள்.

“எங்கப்பாவை எடுத்துருங்கம்மா. படத்துல அவர் வேண்டாம்.”

“மேடம், அவசரப்படாதீங்க. சம்மதத்தைத் திரும்ப வாங்கினா நான் முழு உடம்பையும் அழிச்சாகணும். சட்டம் அப்படி. பிரதி எதுவும் வெச்சுக்க முடியாது.” மெர்லின் அவளைப் பார்த்தாள். “அந்த நடையும் போயிடும்.”

வசந்தாமணி வெளிக்கூடத்தைப் பார்த்தாள். பச்சைச் சேலை அம்மாவின் மகள் யாரிடமோ போனில் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். நீ பாக்கோணும், நீ பாக்கோணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். படம் வந்த பிறகு அவள் ஒவ்வொரு வாரமும் போய் அம்மாவைப் பார்ப்பாள். எல்லோரும் போவார்கள்.

அவளும் போகலாம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா ஒவ்வொரு காட்சியிலும் பனைமரத்துக்குப் பின்னாலிருந்து வருவார். அந்தப் பாதமும் இருக்கும். ஒரு முறை குனிவார், கொட்டகை சிரிக்கும், பிறகு உள்ளே போய்விடுவார். வாய்க்கால் மேடு வெறுமையாகக் கிடக்கும்.

“ஒரு தடவை பாத்துட்டேன்” என்றாள். “எடுத்துருங்க.”

மெர்லின் கையடக்கத் திரையை எடுத்துக் கொஞ்சம் வேலை செய்தாள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். வசந்தாமணி சொன்னாள். அப்பா பெயரையும் சொன்னாள். வேறு எதுவும் நடக்கவில்லை. விளக்கு மங்கவில்லை. காபி இன்னும் சூடாக இருந்தது.

“துண்டுப்பேய் இல்லாம பொணப்படமா?” குணசேகரன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஏ வசந்தா, இதுக்குப் போயி…”

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“ஒருத்தரை எடுத்தா கூட்டம் மொத்தமும் வேற மாதிரி ஓடும்” என்றாள் மெர்லின். “கேட் கட்டத்தை மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடறேன். நீங்க கிளம்பறதுன்னா கிளம்புங்க.”

“இருக்கறேன்” என்றாள் வசந்தாமணி.

குணசேகரனும் அரங்குக்குள் வந்தான். அவள் பக்கத்தில் ஒரு இருக்கை விட்டு உட்கார்ந்தான். சத்தம் கேட்டுச் சிலர் தட்டுகளோடு உள்ளே எட்டிப் பார்த்து நின்றார்கள்.

பனைமரம் வந்தது. அதன் பின்னாலிருந்து யாரும் வரவில்லை. கூட்டம் பங்களாவை நோக்கி நடந்தது. முன்னால் சென்னியப்பன். வெள்ளை வேட்டி, அகன்ற தோள், மாவு பூசிய பெரிய முகம். கேட்டுக்கு வந்தார்.

நின்றார்.

மெர்லின் திரையைப் பார்த்தாள். கையிலிருந்ததைப் பார்த்தாள். “ஒரு நிமிஷம்.”

சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. தலை லேசாக இடது பக்கம் திரும்பியிருந்தது. அங்கே ஆள் நிற்பது போலவும், அந்த ஆள் இன்னும் நகரவில்லை என்பது போலவும் பார்த்தார். பின்னால் வந்த பச்சைச் சேலை அம்மா நின்றாள். மிலிட்டரிக்காரர் நின்றார். அவரைத் தாண்டிப் போக யாருடைய உடம்புக்கும் தெரியவில்லை. வரிசை வாய்க்கால் வரை நீண்டது. உள்ளே கதாநாயகன் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் நிக்கறாரு?” என்றான் குணசேகரன்.

“பழைய படத்துல ஒருத்தர் ஒதுங்கினப்பதான் சார் அவர் உள்ள போனார்.” மெர்லின் மெதுவாகச் சொன்னாள். “அவர் உடம்பும் அதைத்தான் கத்துக்கிட்டிருக்கு.”

“அப்ப இப்படியேவா நிப்பாரு?”

“தெரியல சார்.”

வாசலில் நின்றவர்களில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். யாரோ முறுக்கைக் கடித்தார்கள். குணசேகரன் திரும்பிப் பார்த்தான். அவன் காதுமடல் சிவந்திருந்தது.

“போங்கப்பா” என்றான் திரையிடம், வெளியே கேட்காத குரலில். “உள்ள போங்க. ஆரும் இல்ல. போங்க.”

சென்னியப்பன் நின்றார். ஈ ஒன்று அவர் கண்ணில் உட்கார்ந்தது. அவர் இமைக்கவில்லை.

குணசேகரன் நடுவிலிருந்த இருக்கைக்கு நகர்ந்தான். அவள் பக்கம் குனிந்தான்.

“வசந்தா. உங்கப்பனக் கூப்புடு.”

அவள் அவனைப் பார்த்தாள். கேலிக்குச் சொல்லவில்லை. அறுபது வயது முகம் பள்ளிக்கூடப் பையனின் முகமாக இருந்தது.

“அவரு ஊட்டுக்குப் போயிட்டாரு குணா” என்றாள்.

திரையில் யாரும் அசையவில்லை. கேட் திறந்தேதான் இருந்தது.